இரண்டு பேருக்கு ஒரே ரிப்போர்ட்

மாஸ்ட்ரிக்ட்,
4 செப்டம்பர் 2008

அன்புத் தம்பி ஹார்மென்,

நானும் ஃபீனும் இங்கே சௌக்கியம். நீயும் ஹிஸ்காவும் அங்கே எப்படி? உன் முட்டிவலி, உங்கள் ஊர் மழை, இரண்டில் ஒன்றாவது குறைந்ததா?

போனில் பேசக் கூடாதா என்று ஹிஸ்கா கேட்டாளாம். காலமெல்லாம் ரயில் என்ஜினில் உட்கார்ந்த காது இது. போனில் உன் பேச்சு எனக்குத் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுவது போலத்தான் கேட்கிறது. கடிதம்தான் நமக்குச் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரியில் எனக்குப் படுக்கையைவிடக் கழிவறைதான் இப்போது அதிகப் பழக்கம். ஓடிப் போய் நிற்கிறேன். நின்றபின் வரமாட்டேன் என்கிறது. நிற்கிற நேரத்தில் எதிர்ச்சுவரில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரைப் படிப்பதைத் தவிர வேறு வேலையில்லை. ஃபீனுடைய ஒன்றுவிட்ட சித்தப்பா மகளின் பிள்ளைகள் பிறந்த தேதி வரைக்கும் மனப்பாடமாகிவிட்டது. போன வாரம் அதில் ஒருத்திக்கு நானே வாழ்த்து அட்டை வாங்கி அனுப்பினேன். ஃபீன் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

டாக்டரிடம் போனேன். "ப்ராஸ்டேட் நல்லா வீங்கி, மூத்திரப் பாதைய நெரிக்குது" என்றார். அடுத்த மாதம் லேசர் வைக்கிறார்கள். பச்சை வெளிச்சம், கத்தி கிடையாது, மறுநாளே வீடு.

நாம் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். என்னுடையது வீங்கியிருக்கும்போது உன்னுடையது சும்மா இருக்குமா? வெட்கப்படாமல் எழுது.

ஹிஸ்காவுக்கு எங்கள் அன்பு.

உன் அண்ணன்
சீப்ரன்

*

ஸ்னேக்,
12 செப்டம்பர்

அடேய் சீப்ரன்,

எனக்குக் கொஞ்சம் முன்னால் எட்டிப் பார்த்ததற்காக இன்னும் எத்தனை காலம் அண்ணன் என்று கையெழுத்துப் போடுவாய்? நாங்கள் நன்றாகவே இருக்கிறோம். முட்டி பரவாயில்லை, மழை பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஹிஸ்கா ஒரு சர்க்கரை ரொட்டி பார்சலில் அனுப்பியிருக்கிறாள். அது ஃபீன் அண்ணிக்கு. நீ கை வைக்காதே.

ஆமாம், எனக்கும் அதே கதைதான். பால் லாரி ஓட்டிய நாளில் மாகாணத்தையே நிறுத்தாமல் சுற்றி வந்தவன் நான். இப்போது சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் வழியிலிருக்கும் காபிக் கடையெல்லாம் ஏறி இறங்குகிறேன். கழிவறைக்காகக் காபி, அந்தக் காபியால் அடுத்த கழிவறை. கடைக்காரர்கள் என்னை ரொம்ப மரியாதையாக நடத்துகிறார்கள்.

ஆனால் உன் லேசர் எனக்கு வேண்டாம். பழைய முறைதான். சூடான கம்பி வளையத்தை உள்ளே விட்டுத் துருவிபோலச் சீவி எடுப்பார்கள். டாக்டரம்மாவிடம் உன் பச்சை வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டேன். "உங்க அண்ணன் சொல்ற லேசர் நல்ல லேசர்தான். ரத்தம் கம்மி, சீக்கிரமா எந்திரிச்சு நடக்கலாம். ஆனா அது சதைய ஆவியாக்கிடும். நாங்க சீவினா அந்தச் சீவல மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாக்கலாம். உள்ள வேற ஏதாவது ஒளிஞ்சிருந்தா தெரியும்" என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் நான் சீவலுக்குத் தலையாட்டிவிட்டேன்.

அப்பா எதில் போனார் என்று உனக்குத் தெரியும். ப்ராஸ்டேட்டில் வந்த புற்று எலும்புக்குப் போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அப்போது அவருக்கு நம்மைவிட ஒரு வயதுதான் கூடுதல். இதை எழுத எனக்கும் பிடிக்கவில்லை. யோசித்து முடிவெடு.

அண்ணிக்கு என் வணக்கம். உனக்குப் பாதி வணக்கம்.

ஹார்மென்

*

மாஸ்ட்ரிக்ட்,
11 அக்டோபர்

தம்பி,

நீ அங்கே நலந்தானே? இங்கே நலமோ நலம்!

முடிந்துவிட்டது. வலி இல்லை, ரத்தம் இல்லை, மறுநாள் மத்தியானம் வீட்டில் காளான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். இப்போது போய் நின்றால் தீயணைப்பு வண்டிதான் போ. பிறந்தநாள் காலண்டரில் ஒரு மாதத்தைக்கூட முழுசாகப் படிக்க முடியவில்லை. "கதவ மூடிக்கிட்டுப் போங்க, தெருவுக்கே கேக்குது" என்று ஃபீன் கத்துகிறாள். கத்தட்டும். என் காதுக்கே அந்தச் சத்தம் கேட்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட சத்தம் என்று பார்த்துக்கொள்.

எடுத்ததைப் பார்க்கவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"எதக் காட்டச் சொல்றீங்க ஐயா? எல்லாம் ஆவியாப் போச்சு" என்றார்.

"ஒரு துண்டு கூடவா இல்ல?"

"கொஞ்சம் குமிழி வந்துச்சு. அதுவும் தண்ணியோட போயிடுச்சு."

நீ அங்கே குழாயும் பையுமாகக் கிடக்கப் போகிறாய், நான் இங்கே நடனம் ஆடுகிறேன். யார் புத்திசாலி என்று ஊர் சொல்லட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. உன் சீவலின் ரிப்போர்ட் வந்ததும் அதில் இருப்பதை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பு.

உன் அண்ணன்
சீப்ரன்

*

ஸ்னேக்,
25 அக்டோபர்

அருமை நடனக்காரனுக்கு,

நீ ஆடுவதால் நீ சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் உட்காருவதால் நானும் சுகம்.

சீவிவிட்டார்கள். குழாயோடு சில நாள் படுத்திருந்தேன். பையில் முதலில் பீட்ரூட் சாறு, அப்புறம் ரோஜா நிறம், கடைசியில் நம் ஊர் வாய்க்கால் தண்ணீர். பக்கத்துக் கட்டிலில் ஒரு பன்றிப் பண்ணைக்காரர், அவருக்கும் இதே வேலை. யாருடைய பை முதலில் தெளிகிறது என்று பந்தயம் கட்டினோம். நான்தான் ஜெயித்தேன்.

கஷ்டம் இனிமேல்தான். ஆறு வாரத்துக்கு சைக்கிள் கூடாதாம்! நான் நடந்து போவதைப் பார்த்த ஊர்க்காரர்கள் ஹிஸ்காவிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். மளிகைக் கடை வாசலில் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு நாள் குடுத்திருக்காங்க?" என்று கேட்டாளாம். "ஆறு வாரம்" என்றிருக்கிறாள் இந்தப் புண்ணியவதி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு இரண்டு கேக் வந்தது. நல்ல கேக், திருப்பிக் கொடுக்கவில்லை.

சீவல் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. ரிப்போர்ட் வர இரண்டு வாரம் ஆகும். அப்பாவைப் பற்றி நான் எழுதியதற்கு நீ பதிலே எழுதவில்லை. உன் டாக்டரிடமாவது சொன்னாயா?

அண்ணிக்கு அன்பு.

ஹார்மென்

*

மாஸ்ட்ரிக்ட்,
14 நவம்பர்

ஹார்மென்,

உடம்பு தேவலையா? இங்கே கார்னிவல் பருவம் தொடங்கிவிட்டது. சதுக்கத்தில் பித்தளை வாத்தியக்காரர்கள் முழங்கியதில் எனக்கே பாட்டு கேட்டது. ஃபீன் சிவப்பு, மஞ்சள், பச்சைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பீர் குடித்தாள். நானும் குடித்தேன், பயமில்லாமல்.

சரி, இரண்டு வாரம் முடிந்து நாளாகிறது. ரிப்போர்ட் எங்கே? உங்கள் ஊர் ஆய்வகத்தில் ஆட்களெல்லாம் பனிச்சறுக்குக்குப் போய்விட்டார்களா? பனிகூட இன்னும் விழவில்லையே?

உடனே எழுது. வேறெதுவும் எழுதவேண்டாம், ரிப்போர்ட்டை மட்டும் எழுது.

சீப்ரன்

*

மாஸ்ட்ரிக்ட்,
17 நவம்பர்

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

உங்கள் இருவர் நலத்துக்கும் இங்கே மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன். நீங்கள் புராட்டஸ்டன்ட் ஆட்கள், சிரிப்பீர்கள். சிரியுங்கள். சர்க்கரை ரொட்டி பிரமாதம். அவர் பெரும்பாதியைத் தின்றுவிட்டார்.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. லேசர் வைப்பதற்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் கொஞ்சம் கூடுதலாக வந்தது. டாக்டர் என் எதிரிலேயே சொன்னார்: "வீக்கத்துனாலயும் இருக்கலாம். ஆனா லேசர் வெச்சா பாக்கறதுக்குச் சதை மிஞ்சாது. அதுக்கு முன்னாடி ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துடலாம்."

இந்த மனுஷர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? "வேண்டாம் டாக்டர். எனக்கு ரெட்டைத் தம்பி ஒருத்தன் இருக்கான். அவனுதச் சீவி லேபுக்கு அனுப்பறாங்க. அவனுக்கு என்னவோ அதான் எனக்கும். ஒரே சதைக்கு எதுக்கு ரெண்டு தடவ ஊசி?" டாக்டர் எவ்வளவோ சொன்னார். அப்பாவுக்கு வந்ததை இவர் வாய் திறந்து சொல்லவே இல்லை. நான் சொல்லப் போனபோது என் காலை மிதித்தார்.

உங்கள் ரிப்போர்ட்டுக்காகத் தினமும் தபால்காரனைத் தெருமுனையிலேயே மறிக்கிறார். இப்படி ஒரு மனுஷரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். பதிலை என் தங்கை விலாசத்துக்குப் போடுங்கள்.

ஃபீன்

*

ஸ்னேக்,
21 நவம்பர்

அன்புள்ள அண்ணி,

நீங்கள் ஏற்றிய மெழுகுவத்திக்கு நான் சிரிக்கவில்லை. இன்னொன்றும் ஏற்றி வையுங்கள்.

ரிப்போர்ட் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. சீவல்களில் இரண்டொன்றில் மட்டும் துளியூண்டு இருக்கிறதாம், அப்பாவுக்கு இருந்ததுதான். டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: "இது சோம்பேறி வகை. இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆறு வாரத்துல ஒரு தடவ, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரத்தம் பாப்போம். இது உங்களோடயே வயசாகிட்டுக் கிடக்கும், பயப்படாதீங்க." ஹிஸ்கா பயப்படவில்லை. நான் பயந்தேன், அதைத் தோட்டத்துச் சருகைப் பெருக்கிப் பெருக்கித் தீர்த்துக்கொண்டேன்.

அவனுக்கு எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்ட காகிதத்துக்குக் கணக்கில்லை. ஏன் கை ஓடவில்லை என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தபிறகு புரிந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று பொய் எழுதினால், தனக்கும் இல்லை என்று கார்னிவலுக்குப் போய்விடுவான். இருக்கிறது என்று எழுதினால், தனக்கும் இருக்கிறது என்று படுத்துவிடுவான், அப்பாவைப்போல. எப்படி எழுதினாலும் அவன் சதையை யாரும் பார்க்கப் போவதில்லை. எனக்கு இருப்பதால் இரட்டையான அவனுக்கும் இருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வாய்ப்பு கூடுதல், ஆனால் வந்தே தீரும் என்று ஒன்றுமில்லை, அவரவர் சதையை அவரவர்தான் பார்க்கவேண்டும் என்றார்.

அவனுக்குத் தனியாக எழுதுகிறேன். எனக்குள்ளது இன்னதென்று நீங்கள் அவனிடம் சொல்லிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹார்மென்

*

ஸ்னேக்,
21 நவம்பர்

அண்ணா,

ஆமாம், அண்ணா என்றுதான் எழுதியிருக்கிறேன். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. உன்னிடம் சொல்லமாட்டேன். நீ ஊசி போட்டு உன் சதையை எடுத்து, உனக்கென்று ஒரு ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு வா. அதை நீ எழுது, அப்போது இதை நான் எழுதுகிறேன். அதுவரை எத்தனை கடிதம் போட்டாலும் இங்கே மழை பெய்கிறது என்று மட்டும்தான் பதில் வரும்.

இங்கே மழை பெய்கிறது.

ஹார்மென்

*

மாஸ்ட்ரிக்ட்,
26 நவம்பர்

ஹார்மென்,

என் உடம்பைப் பற்றி விசாரிக்காதே, உன் உடம்பைப் பற்றி நானும் விசாரிக்கவில்லை. இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு? நான் பேரப்பிள்ளை எடுத்தவன். என்னை மிரட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நீ யார்? உன் நிபந்தனையை மடித்து நீயே வைத்துக்கொள். ஊசியும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

ஃபீனும் மூன்று நாளாக என்னிடம் பேசுவதில்லை. பேசினாலும் எனக்குக் கேட்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டு பேசுகிறாள். இதுவும் உன் வேலையாகத்தான் இருக்கும்.

சீப்ரன்

*

மாஸ்ட்ரிக்ட்,
22 டிசம்பர்

அன்புத் தம்பி,

நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய்?

போன கடிதத்தை மறந்துவிடு. அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, ஃபீன் செய்த பிளம்ஸ் கேக்கில் ஒரு துண்டை வாயில் வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. நல்ல சேதியை நீ எந்தக் காலத்தில் ஒரு மணிநேரம் வயிற்றில் வைத்திருந்தாய்? எனக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கினால் பொட்டலத்தை நான் பிரிப்பதற்கு முன்னாலேயே "சாக்ஸ்டா, சாக்ஸ்" என்று உளறுகிறவன் நீ. ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்திருந்தால் ஸ்னேக்கிலிருந்து நீ கத்துவது என் செவிட்டுக் காதில் விழுந்திருக்கும். போதாததற்கு அண்ணா என்று வேறு எழுதியிருக்கிறாய். மிச்சக் கேக்கைத் தள்ளி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நானே ஃபீனைக் கூப்பிட்டுக்கொண்டு டாக்டரிடம் போனேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்கு லேசரே வெச்சிருக்கமாட்டேன்" என்றார். நியாயந்தான். ஊசி போட்டார்கள். அதன் விவரம் வேண்டாம். ஒரு வாரத்துக்கு நான் கார்னிவல் நடனம் எதுவும் ஆடவில்லை.

இன்று ரிப்போர்ட் வந்தது. எனக்கு ஒன்றுமில்லை.

டாக்டர் நேர்மையான மனுஷர். "ஆவியாப் போனதப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது. மிச்சம் இருக்கறதுல எல்லா மூலையிலயும் பாத்துட்டோம், சுத்தமா இருக்கு. ரத்த எண்ணும் நல்லா எறங்கிடுச்சு. வருஷா வருஷம் வாங்க" என்றார். ஃபீன் அந்த அறையிலேயே அழுதாள், அவரைக் கட்டிப்பிடித்து மூன்று முத்தம் கொடுத்தாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஹார்மென். கோபம் வந்தது. அம்மை வந்தபோது சேர்ந்து படுத்தோம், பல் விழுந்தபோது சேர்ந்து விழுந்தது. இதையும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த ஊசிக்கே போனேன். இப்போது உன்னைத் தனியாக விட்டுவிட்டேனே என்று இருக்கிறது.

நீ போட்ட நிபந்தனையை நிறைவேற்றிவிட்டேன். இப்போது நீ எழுது. உன் சீவலில் என்ன இருந்தது?

சீப்ரன்

*

ஸ்னேக்,
28 டிசம்பர்

அடேய் அண்ணா,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வந்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. முதலில் விஷயம்.

இருக்கிறது. கொஞ்சூண்டு, இரண்டொரு சீவலில். சோம்பேறி வகை என்கிறார் டாக்டரம்மா. அது என்னுடையது என்பதால் எனக்கு ஆச்சரியமில்லை. ஒன்றும் செய்யவேண்டாம், ரத்தம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். முதல் பரிசோதனையும் முடிந்துவிட்டது. எண் தரையோடு தரையாகக் கிடக்கிறது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "போய் ஸ்கேட்டிங் பண்ணுங்க, வாய்க்காலெல்லாம் உறையப் போகுது" என்றார். மருத்துவச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தந்தார். ஹிஸ்காவிடம் காட்டத்தான்.

ஆம், உறையத் தொடங்கிவிட்டது! நேற்று வாய்க்காலில் கல்லை எறிந்தேன், உள்ளே போகாமல் பாடிக்கொண்டே ஓடியது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு தெர்மாமீட்டரைப் பார்க்கிறது. வாரக் கடைசியில் ஏரியே தாங்கும். ரயில்காரனுக்கு இலவச டிக்கெட் இருக்கிறது, அண்ணியையும் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பு. பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. ஊசி போட்ட இடம் ஆறிவிட்டதா என்று மட்டும் உன் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வா. இல்லையென்றால் கரையில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறேன். நான் உன்னை முந்தி முந்திப் போவதைப் பார்த்துக்கொண்டிரு.

நீ என்னைத் தனியாக விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். மடையா! ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து நான் பயந்தது எனக்காகக் கொஞ்சம், உனக்காக அதிகம். என்னுடையதை நான் பார்த்துக்கொள்வேன், பார்க்க ஒரு டாக்டரம்மா இருக்கிறார், சீவல் இருக்கிறது, எண் இருக்கிறது. உன்னுடையதை ஆவியாக விட்டுவிட்டு என் ரிப்போர்ட்டை வைத்து நீ குடித்தனம் நடத்தப் பார்த்தாயே, அதுதான் என்னைத் தின்றது.

பிறந்ததிலிருந்து நம் இருவரையும் ஒன்று என்றே சொல்லி வளர்த்தார்கள். எனக்கும் அதில் பெருமைதான். உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். "எனக்கு ஒன்றுமில்லை" என்ற இடம் வந்ததும் ஹிஸ்காவைத் தூக்கிவிட்டேன். முட்டி பிடித்துக்கொண்டது, மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. பதில் தாமதமானது அதனால்தான். நீ வேறு ஆள், சீப்ரன், உன் சதை வேறு. எனக்கு இதைவிட நல்ல சேதி இதுவரை வந்ததில்லை.

ஹார்மென்